நூறு மீட்டருக்குள்

டிசம்பர் 2, திங்கள்

சொர்ணம் மதுரையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் கழுவுமுன்பே சொல்லிவிட்டாள்.

"சுதா வந்திருதேன்னு சொல்லுதா. ஆனா நம்ம நடுவீட்ல பாயை விரிச்சிட்டு இருக்க மாட்டாளாம். கடைக்கு வாரவன் போறவன்லாம் 'பாப்பா எப்ப வந்துச்சு, எப்பப் போகும்'னு கேப்பான். தனி வாசல் வேணுமாம்."

என் பைப், டைல்ஸ் கடையைத் திறக்கும் நேரம். சரி என்று மட்டும் சொன்னேன்.

பொன்சுதா எனக்கும் சொர்ணத்துக்கும் ஒரே மகள். கல்யாணமாகி ஆறு வருஷம். பேத்தி மிருதுளாவுக்கு நாலு வயது. மாப்பிள்ளையின் அப்பா மதுரையில் பெரிய பைப் கம்பெனி ஒன்றின் மொத்த விநியோகஸ்தர். கல்யாணம் நடந்த அதே மாதம் எனக்கு அந்தக் கம்பெனியின் இந்த மாவட்டத்து ஏஜென்சி கிடைத்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

மாடியில் ஒரு தளம் எழுப்புவது என்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிவு செய்தேன். வெளிப்படிக்கட்டு, ஒரு ரூம், சமையல் மேடை, பாத்ரூம். தெருவில் கேட்டால் குடோன்.

டிசம்பர் 5, வியாழன்

என்ஜினீயர் இன்பசேகரன் வந்து மொட்டை மாடியில் நடந்து பார்த்தான். உள்ளூர்ப் பையன், படித்து முடித்த காலத்திலிருந்து என் கடையில்தான் சாமான் எடுக்கிறான். நோட்டில் கோடு போட்டுக்கொண்டே கேட்டான்.

"குடோனுக்கு இன்னாத்துக்கு அண்ணாச்சி சமையல் மேடை?"

"ஆள் தங்குவான். டீ போட்டுக் குடிப்பான்."

"பாத்ரூம்ல கொழா ரெண்டடி ஒசரத்துல கேக்குறீங்க. ஆள் குள்ளமா?"

கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். அவனும் அதற்குமேல் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, தெருக்கோடியில் தெரிந்த பாறையைக் காட்டினான்.

அந்தப் பாறையைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். எங்கள் கடைத்தெரு முடிகிற இடத்தில் யானை படுத்தாற்போல் ஒரு குன்று. அதில் பழைய ராஜா குடைந்த சிறு கோயில். சாமி கிடையாது, பூசை கிடையாது, வௌவால் உண்டு. மத்திய அரசு வேலி போட்டு நீலப் பலகை நட்டிருக்கிறது. வேலியைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, மாடி எழுப்புவதும் கூடாது. இருக்கிற கட்டடத்தைப் பழுதுபார்க்கலாம். அதற்கும் அனுமதி வேண்டும். நூறுக்கு அப்பால் இன்னும் இருநூறு மீட்டருக்கு மனுப் போட்டு, அவர்கள் சம்மதித்தால் கட்டலாம்.

"நம்ம கடை நூறுக்கு வெளியதான் இருக்கும்" என்றேன்.

"அளந்தீங்களா?"

"அளப்போம்."

டிசம்பர் 8, ஞாயிறு

அளந்தேன். நூற்றிநாலு மீட்டர்.

டிசம்பர் 9, திங்கள்

இன்பசேகரன் கேட்டான்: "எங்கேர்ந்து அளந்தீங்க?"

"கோயில் வாசல்லேருந்து."

"வேலிலேர்ந்து அளக்கணும் அண்ணாச்சி. இது உங்களுக்கே தெரியுமே."

தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் எதிர்க்கடை பேக்கரிக்கார மலையாளி ஷாஜி மாடியில் லாட்ஜ் எழுப்பப் பார்த்தான். லாட்ஜ் வந்தால் என் கடை முன்னால் லாரி நிற்க இடமிருக்காது. 'பொதுமக்கள்' என்று கையெழுத்துப் போட்டு ஒரு புகார் மனு போனது. எழுதியவன் நான். வேலியிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று சட்டத்தைப் படித்து அதில் விளக்கமாகவும் எழுதியிருந்தேன். லாட்ஜ் நின்றுபோனது. இதில் எனக்கு வருத்தம் கிடையாது, வியாபாரத்தில் இதெல்லாம் உண்டு.

வேலியிலிருந்து என் கடை வாசல் எழுபத்தெட்டு மீட்டர்.

டிசம்பர் 24, செவ்வாய்

யோசித்ததில் வழி கிடைத்தது. இந்தப் பக்கத்தில் அனுமதியில்லாமல் தளம் போடுகிறவர்கள் எல்லோரும் சனி ஞாயிறில்தான் போடுகிறார்கள். வெள்ளி சாயங்காலம் ஆபீஸ் பூட்டியதும் சென்ட்ரிங் பலகை ஏறும், திங்கள் காலை ஆபீஸ் திறக்கும்போது கான்கிரீட் இறுகியிருக்கும். போட்ட தளத்தை இடிப்பது லேசில்லை. நோட்டீஸ் வரும், பதில் போகும், வருஷங்கள் ஓடும்.

வருகிற பொங்கலுக்கு ஆறு நாள் சேர்ந்தாற்போல் லீவு. செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை ஒரு ஆபீஸும் கிடையாது. தூண் எல்லாம் பழைய கட்டடத்திலேயே மொட்டை மாடிக்கு மேலேயும் எழும்பி இருக்கிறது. சுவரைப் பின்னால் எழுப்பிக்கொள்ளலாம், முதலில் தளம்.

உள்ளூர்க் கொத்தனார் யாரும் பொங்கலுக்கு வரமாட்டான். பைபாஸில் மேம்பால வேலைக்கு வந்திருக்கிற ஒடிசாக்காரர்களிடம் பேசிவிட்டேன். அவர்களுக்குப் பொங்கலும் ஒன்றுதான், புதன்கிழமையும் ஒன்றுதான்.

ஜனவரி 3, வெள்ளி

சொர்ணம் மறுபடி மதுரைக்குப் போய்த் திரும்பினாள். சுதாவின் இடது கையில் கட்டாம். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம்.

டைல்ஸ் வழுக்கும்தான். சோப்புத் தண்ணீர் தேங்கினால் எந்த டைல்ஸும் வழுக்கும்.

சொர்ணம் இன்று என்னோடு பேசவில்லை. பயணக் களைப்பு.

ஜனவரி 11, சனி

மணலும் ஜல்லியும் வந்து இறங்கின. சாயங்காலம் தணிகாசலம் வந்து குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாறைக்கோயிலின் காவலர் அவர். பதினைந்து வருஷமாக அந்த வேலிக்குள் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னா அண்ணாச்சி, மணலு வியாபாரமும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ஒரு கஸ்டமருக்கு."

"கஸ்டமரு உங்க வூட்டு மாடில இருக்காரு போல."

அவர் வீட்டுக்குக் கட்டிக்கொண்டிருக்கும் பாத்ரூமுக்கு ஷவர், வாஷ்பேசின், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"வேணாம் அண்ணாச்சி. அப்பறம் ஷவரத் தெறக்கும்போதெல்லாம் உங்க ஞாபகம் வரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நான் பாத்தா எழுதிப் போட்டாவணும். எழுதாம வுட்டா என் வேலை பூடும். நீங்க பண்ணாதீங்க, நான் பாக்கல. அவ்ளோதான்."

பொங்கலுக்கு லீவா என்று கேட்டேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் வரமாட்டேன் என்றார். அது போதும்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

வீட்டில் பானை பொங்கியது. மேலே சென்ட்ரிங் ஏறியது.

ஜனவரி 15, புதன்

மழை. காலையிலிருந்து நசநசவென்று பெய்தது. கம்பி கட்டி முடித்தார்கள், கான்கிரீட் போட முடியவில்லை. நாளைக்குத் தணிகாசலம் இருப்பார், ஆனால் அவர் எழுதிப் போட ஆபீஸ் திறந்திருக்காது; நாளைக்கே போடலாம்.

ஜனவரி 16, வியாழன். காணும் பொங்கல்

எங்கள் திருச்செந்தூர்ப் பக்கம் இன்றைக்குக் கரிநாள். கறி எடுத்துத் தின்றுவிட்டுப் படுத்துத் தூங்குவோம். இங்கே வந்து இருபத்தாறு வருஷமாகியும் நான் இந்த நாளில் தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அதனால் ஒரு விஷயம் தெரியாமல் போயிற்று.

காணும் பொங்கல் என்றால் இந்த ஜில்லாவே சோற்று மூட்டையோடு கிளம்பிப் பாறையைப் பார்க்க வருகிறது. பத்து மணிக்குள் தெருவில் கால் வைக்க இடமில்லை. கூட்டம் பாறையில் பெயர் கிறுக்காமல் பார்த்துக்கொள்ள தொல்லியல் ஆபீஸிலிருந்து அதிகாரியே ஜீப்பில் வந்து நாள் முழுக்க இருப்பாராம். வருஷா வருஷம் வருகிறாராம். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கான்கிரீட் மிக்சர் ஓடத் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதிகாரி கடை வாசலில் நின்று மேலே பார்த்தார். பின்னால் தணிகாசலம் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன வேலை நடக்குது?"

"மராமத்து."

"மராமத்துக்கு ஏன் கம்பி நிக்குது?"

சின்ன வயதுக்காரர், கத்தவில்லை. கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டார், போட்டோ எடுத்தார், மிக்சரை நிறுத்தச் சொன்னார். எதிரே ஷாஜி பேக்கரி வாசலில் நின்றிருந்தான். அவனுக்கு இன்றைக்கு நல்ல வியாபாரம்.

ஜனவரி 20, திங்கள்

பேரூராட்சியில் கூப்பிட்டார்கள். செயல் அலுவலர் நோட்டீஸோடு ஒரு புகார் மனுவையும் காட்டினார். பதினேழாம் தேதியிட்டு எழுதி, இன்று காலை ஆபீஸ் திறந்ததும் கொடுத்தது. 'பொதுமக்கள்' என்று கையெழுத்து.

முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. 'ஆயிரத்து முந்நூறு ஆண்டு பழமையான நமது பொதுச் சொத்தை ஒரு தனிநபரின் பேராசைக்குப் பலியிடலாமா?' நான் எழுதிய வரி. அடுத்த பத்தியும் நான் எழுதியது. வேலியிலிருந்து எப்படி அளப்பது என்பது வரை அப்படியே இருந்தது. 'லாட்ஜ்' என்ற இடத்தில் 'குடோன்', அவ்வளவுதான் மாற்றம். ஷாஜி என் மனுவின் நகலை அப்போதே வாங்கி வைத்திருக்கிறான்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. யார் எழுதுனதோ" என்றார் செயல் அலுவலர்.

"யாரோ வெவரமான ஆளு" என்றேன்.

ஏழு நாளில் கம்பியையும் சென்ட்ரிங்கையும் இறக்கச் சொல்லி உத்தரவு.

ஜனவரி 29, புதன்

மாடி போனால் பின்கட்டு. கடைக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் பகுதி, அதற்கும் பின்னால் நாற்பதடிக்குக் காலி இடம். என் மனையின் கடைசி பதினாறு அடி நூறு மீட்டருக்கு வெளியே போய்விடுகிறது. அங்கே மனுப் போட்டுக் கட்டலாம் என்று கணக்குப் பண்ணினேன்.

இன்பசேகரன் படத்தை விரித்தான். மனைக்குப் பின்னால் ஏரி உபரிநீர் போகிற வாய்க்கால். வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் ஓடும், மீதி நாள் பிளாஸ்டிக் ஓடும். ஆனால் படத்தில் அது நீர்நிலை. கரையிலிருந்து பதினைந்து மீட்டருக்குக் கட்டடம் கூடாது. பெருமழையில் தண்ணீர் என் கக்கூஸ் வரை வந்ததை நானே பார்த்திருக்கிறேன், அதனால் அந்தச் சட்டத்தைத் திட்டவும் முடியவில்லை.

"பாறைக் கோடு இங்க வருது, வாய்க்கா கோடு இங்க வருது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு" என்றான். "நடுவுல ஒரு கோழிக்கூண்டு கட்டக்கூட எடம் இல்ல அண்ணாச்சி."

பிப்ரவரி 6, வியாழன்

பதினோரு மணிக்குக் கடை நம்பருக்கு சுதாவே போன் பண்ணினாள். எனக்கு அவள் நேராகப் பண்ணி நாலைந்து மாதம் இருக்கும்.

"அப்பா, குடோன் எப்ப முடியும்?"

குடோன் என்றுதான் சொன்னாள். சொர்ணம் சொல்லியிருக்க வேண்டும்.

"கவர்மென்ட் சோலி, கொஞ்சம் இழுக்குது."

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. நான் வேற ஏதாவது பாத்துக்கிடுதேன்."

"வேற என்னது பாப்பே?"

பின்னால் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குரலைத் தணித்து, "பொறவு பேசுதேன்" என்றாள்.

"ஆமா, இங்கயும் கஸ்டமர் நிக்காங்க" என்றேன்.

கடையில் யாரும் இல்லை.

பிப்ரவரி 8, சனி

அந்த வீட்டு பாத்ரூம் டைல்ஸ் என் கடையிலிருந்து போனவை. கல்யாணத்துக்கு முந்தின மாதம் நானே பொறுக்கி எடுத்து அனுப்பினேன். சொரசொரப்பு வகை. ஆஸ்பத்திரிக்குப் போடுவது. சோப்புத் தண்ணீரை ஊற்றி அதன்மேல் நடந்து காட்டித்தான் அதை விற்பேன். வழுக்காது.

ஜனவரி 3 அன்று எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கடை லீவு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே டேப்பைப் பிடித்தேன். அகலம் பதினெட்டு அடி, நீளம் முப்பத்திரண்டு அடி. பைப் அடுக்கியிருக்கும் இடது சுவர் ஓரம் சமையல் மேடை வரும். ஷவர், குழாய் எல்லாம் ஓடவிட்டுக் காட்டுவதற்காக மூலையில் தண்ணீர் லைனும் சாக்கடை லைனும் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே பாத்ரூம். கல்லா இருக்கிற இடத்தில் கட்டில் போட்டால் காற்று வரும். தெருவைப் பார்த்துத் தனி வாசல், இருபத்தாறு வருஷமாக இருந்துகொண்டுதான் இருக்கிறது. நான்தான் அதில் உட்கார்ந்திருந்தேன்.

சொர்ணத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கடை?" என்றாள்.

"பைபாஸ்ல ஷெட்டு வாடகைக்கு இருக்கு. எடைமேடை பக்கத்துல."

"யாவாரம் பாதியா கொறையும்."

"கொறையும்."

அவள் பைப்புகளைத் தாண்டி உள்ளே நடந்தாள். "அந்த நடுக்கதவு?" என்று கேட்டாள். கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கதவு.

"தாழ்ப்பாளை அவ பக்கம் மாத்திருவோம். நம்ம சந்து வழியா போய்க்கிடலாம்."

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்பசேகரனிடம் சொன்னேன். ஷட்டரை எடுத்துவிட்டுச் சுவர், ஜன்னல், கதவு. ஒழுகுகிற தளத்துக்குப் பூச்சு. உயரம் ஒரு அங்குலம் கூடாது, தரை ஒரு அடி கூடாது. பழுதுபார்க்க அனுமதி கேட்டு மனு.

"கடைய வூடா மாத்தறேன்னு பேரூராட்சிக்கும் எழுதணும் அண்ணாச்சி. வரி கொறையும்." தலையைச் சொறிந்தான். "வூட்ட கடையா மாத்தத்தான் இதுவரைக்கும் ஆளுங்க வந்துருக்காங்க. இதுக்கு இன்னா ஃபாரம்னே தெரியலயே."

பிப்ரவரி 20, வியாழன்

மனுவோடு சேர்க்க போட்டோ வேண்டுமென்று பாறைக்குப் போனேன். கோயிலுக்குள் போனது இதுதான் முதல் தடவை. உளி பட்ட தடம் ஒவ்வொன்றும் நேற்றுப் போட்டதுபோல் இருக்கிறது. ஒரு பக்கச் சுவரில் அறை ஒன்று குடையக் கோடு போட்டு, கொஞ்சம் வெட்டி, அப்படியே விட்டிருக்கிறான்.

"ஏன் விட்டுட்டான்?" என்று கேட்டேன்.

"அவனுக்கு எந்த ஆபீஸு நோட்டீஸு வுட்டுச்சோ" என்றார் தணிகாசலம்.

இருவரும் சிரித்தோம். பொங்கலுக்குப் பிறகு அவரோடு பேசியது இன்றுதான்.

மார்ச் 5, புதன்

சம்பந்தி போன். பைபாஸுக்குக் கடை மாறுவது கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. சுதா விஷயமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "பிள்ளைங்க சண்டைய நாமதான் தீத்து வைக்கணும். ஏஜென்சி அடுத்த மாசம் புதுப்பிக்கணும் வேற. யோசிச்சுப் பாருங்க" என்றார்.

யோசிக்கிறேன் என்றேன். கல்யாணத்துக்கும் ஏஜென்சிக்கும் சம்பந்தமில்லை என்று டிசம்பரில் எழுதியிருந்தேன். அவர் சம்பந்தம் இருப்பதாக நினைக்கிறார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன். வேறு இரண்டு வரன் வந்திருந்தது. ஒருவன் வாத்தியார்.

மார்ச் 21, வெள்ளி

பழுதுபார்க்க அனுமதி வந்துவிட்டது. மூன்று பக்கம், பதினோரு நிபந்தனை. முன்சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பது வரை இருக்கிறது. படித்துப் பார்த்தேன், ஒன்றும் தப்பாக இல்லை.

மார்ச் 28, வெள்ளி

சாமான் எல்லாம் பைபாஸுக்குப் போயிற்று. ஷாஜி தெருவைக் கடந்து வந்தான். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"அண்ணாச்சி, கடை ஒழியுதுன்னு கேள்விப்பட்டேன். எனக்கு வாடகைக்குத் தரணும். கேட்ட வாடகை தரும்."

"வாடகைக்கு இல்ல. வீடு."

"இந்த இடத்துல வீடா? யாருக்கு?"

"எம் மகளுக்கு. புருஷன் வீட்டை விட்டு வந்திருதா. இனிமே இங்கதான் இருப்பா."

தெருவில் யாரிடமும் இதுவரை சொல்லியிருக்கவில்லை. ஷாஜி இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டான். புகார் மனுவைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"என்ட மாவு வண்டி காலையில உங்க வாசல்லதான் நிக்கும்" என்றான். "நாளையிலிருந்து தள்ளி நிறுத்தச் சொல்லாம்."

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்பசேகரன் ஆள் போட்டு ஒன்பது நாளில் சுவரும் கதவும் முடித்துவிட்டான். குட்டி யானை சரக்கு வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து மதுரைக்கு நானே போனேன். பகல் பன்னிரண்டு மணி. தெருவில் எல்லோரும் பார்க்கட்டும் என்றே அந்த நேரத்துக்குப் போனேன்.

மாப்பிள்ளை உள்ளே இருந்தான், வெளியே வரவில்லை. சம்பந்தி வாசலில் நின்றார்.

"ஏஜென்சி விஷயம் யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். கம்பெனி போர்டைக் கழட்டிட்டேன். வண்டியில இருக்கு, எங்க எறக்கட்டும்?"

நானும் டிரைவருமாக அதை இறக்கி, கேட் ஓரமாகச் சுவரில் சாய்த்து வைத்தோம். பத்தடி போர்டு, நல்ல தகரம். அந்த இடத்தில் சுதாவின் பீரோவும் தையல் மெஷினும் ஏறின. சுதா சேலைத் தலைப்பால் கையை மூடியிருந்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் தலைப்பை எடுத்துவிட்டாள். கட்டு இல்லை. எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறது.

திண்டுக்கல் தாண்டினோம். மிருதுளா என் மடியில் தூங்கிவிட்டாள்.

"வாத்தியார் மாப்பிள்ளையப் பாத்திருக்கலாம்" என்றேன்.

"இப்ப எதுக்குப்பா அது?" என்றாள் சுதா. கொஞ்ச தூரம் போனபிறகு, "நான் அப்பவே சொன்னேன்" என்றாள்.

சொன்னாள்தான். அன்றைக்கும் கஸ்டமர் நிற்கிறார்கள் என்றுதான் எழுந்து போனேன்.

ஏப்ரல் 10, வியாழன்

பைபாஸில் இன்று மொத்தம் ஆறு பேர் வந்தார்கள். இரண்டு பேர் வழி கேட்க.

ஏப்ரல் 13, ஞாயிறு

பைப் வெட்டுகிற ரம்பம் ஒன்று பழைய கடைப் பரணிலேயே இருந்துவிட்டது. நாளைக்கு வேண்டும். நடுக்கதவைத் தள்ளிப் பார்த்தேன், அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு சந்து வழியாகத் தெருவுக்குப் போய், முன்வாசலுக்கு வந்தேன்.

புதுக் கதவு, பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. அழைப்புமணி வைக்க மறந்திருக்கிறேன். விரலை மடக்கித் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

எதிரே ஷாஜி பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"அப்பா."

"பிள்ளையக் குளிப்பாட்டிட்டிருக்கேன். கொஞ்சம் நில்லுங்க."

நின்றேன்.